அட்டை புதுசு, வரைபடம் பழசு: அமெரிக்க அரசியல் புத்தகம் வாங்குமுன்

கேள்வி: நியூ ஜெர்ஸியில் இருக்கிறோம், சமீபத்தில்தான் குடியுரிமை கிடைத்தது. பள்ளியில் மகள் மாநில அரசியலையும் தேசிய அரசியலையும் ஒப்பிட்டு நீண்ட கட்டுரை எழுத வேண்டும். ஒரு பழைய கையேட்டைப் பார்த்து 'நியூ ஜெர்ஸிக்கு 13 காங்கிரஸ் தொகுதிகள்' என்று எழுதினாள். ஆசிரியர் சிவப்பு மையில் அடித்துவிட்டார். இப்போது தெரிந்தவர் ஒருவர் ஐந்து நூல்கள் கொண்ட 'முழு செட்'டை 480 டாலருக்குத் தருவதாகச் சொல்கிறார். அது இருந்தால் வேறெதுவும் தேவைப்படாதாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஐந்து நூல்களின் பெயரும் பதிப்பாண்டும் கைக்கு வரும்வரை ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

முதலில் மகளின் 13 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அந்தக் கையேடு அச்சான காலத்தில் அது சரியான எண்தான். பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) கீழவையான பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களையும் மாநிலங்களுக்குப் புதிதாகப் பங்கிடுவார்கள். 2010 கணக்கெடுப்புக்குப் பிறகு நியூ ஜெர்ஸி ஓர் இடத்தை இழந்தது. 2012 தேர்தலிலிருந்து 12 தொகுதிகள்தான். 2020 கணக்கெடுப்புக்குப் பிறகும் அதே 12, ஆனால் எல்லைகள் மாறிவிட்டன. எண்ணிக்கை மாறினால் ஆசிரியர் உடனே கண்டுபிடித்துவிடுவார். எண் அப்படியே இருந்து நிலப்பரப்பு மட்டும் மாறினால் யாருக்கும் தெரியாது. '7வது தொகுதி' என்று இரண்டு பதிப்புகளில் இருப்பதால் இரண்டும் ஒரே ஊர்களைக் குறிப்பதாக நினைத்துவிடாதீர்கள்.

இப்போது பத்தாண்டு கணக்கும் உடைந்துவிட்டது. 2025இல் டெக்சாஸ் பத்தாண்டின் நடுவிலேயே தொகுதி எல்லைகளுக்குப் புது வரைபடம் போட்டது. அதற்குப் பதிலடியாக, அதே ஆண்டு நவம்பரில் கலிஃபோர்னியா மக்கள் வாக்களித்துத் தங்கள் வரைபடத்தையும் மாற்றினார்கள். இந்த நிலையில் போன வருடத்துப் புத்தகத்தைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

அடுத்தது, 'முழு செட்' என்ற பேச்சு. தேசிய அரசியலுக்கும் மாநில அரசியலுக்கும் சேர்த்து ஒரே புத்தகம் என்று எதுவும் இல்லை. 'ஆல்மனாக் ஆஃப் அமெரிக்கன் பாலிடிக்ஸ்' 1972 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய நூல். ஆளுநர்கள், செனட்டர்கள், பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள், தொகுதியின் குணம் என்று விரிவாகச் சொல்லும். படிக்கவும் சுவையாக இருக்கும். ஆனால் உங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரை அதில் தேடினால் கிடைக்கமாட்டார். அது அந்த நூலின் வேலை அல்ல.

மாநிலங்களை ஒப்பிட வேண்டுமென்றால் 'புக் ஆஃப் தி ஸ்டேட்ஸ்'. மாநில அரசுகளின் கவுன்சில் 1935 முதல் வெளியிட்டு வருகிறது. கதை கிடையாது, அட்டவணைதான். உங்கள் மகளின் கட்டுரைக்கு வேண்டியதும் அதுதான். உதாரணத்துக்கு அட்டர்னி ஜெனரல், அதாவது மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள். 43 மாநிலங்களில் மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். நியூ ஜெர்ஸியில் ஆளுநர் நியமிக்கிறார். நியூ ஜெர்ஸி ஆளுநருக்கு ஏன் இவ்வளவு பலம் என்ற கேள்விக்குப் பாதி விடை இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. அதே நூலில் சம்பள அட்டவணையைப் பாருங்கள். நியூ ஹாம்ப்ஷயர் சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 100 டாலர், 1889இல் வைத்த தொகை. நியூ ஜெர்ஸியில் 2002 முதல் 49,000. 2026 ஜனவரியிலிருந்து 82,000. இங்கேயும் எந்த வருடத்துப் பதிப்பு என்பது முக்கியம். இந்த அட்டவணைகள் கவுன்சிலின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன.

ஒரு புத்தகம் தேறுமா என்று பார்க்க நான் எல்லாரிடமும் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. 50 மாநிலங்களிலும் சேர்த்து எத்தனை சட்ட அவைகள் என்று அதில் தேடுங்கள். 100 என்று இருந்தால் மூடி வைத்துவிடுங்கள். 99தான். மற்ற மாநிலங்களில் இரண்டிரண்டு அவை, நெப்ராஸ்காவில் மட்டும் ஒரே அவை. பெரும் பொருளாதாரச் சரிவின் நடுவில், செனட்டர் ஜார்ஜ் நாரிஸ் ஊர் ஊராகப் போய் இரண்டாவது அவை வீண் செலவு என்று பேசினார். 1934இல் மக்கள் ஒப்புக்கொண்டு வாக்களித்தார்கள். 1937 முதல் அந்த ஓரவைச் சட்டமன்றம் நடக்கிறது. இப்போது 49 உறுப்பினர்கள், எல்லாருமே 'செனட்டர்'தான். இன்னொரு சிக்கலும் உண்டு: வாக்குச்சீட்டில் அவர்களுக்குக் கட்சிப் பெயர் கிடையாது. அவர்களில் யார் எந்தக் கட்சி என்பது ஊருக்கே தெரியும், ஆனால் அதிகாரப்பூர்வமாகக் கட்சி சாராத தேர்தல். அதனால் நாடு முழுவதும் சட்டமன்றங்களில் ரிபப்ளிகன் இத்தனை, டெமாக்ரட் இத்தனை என்று கூட்டிக் காட்டும் அட்டவணையில் நெப்ராஸ்காவை என்ன செய்தார்கள் என்ற அடிக்குறிப்பு இருக்க வேண்டும். ஒழுங்காக வேலை செய்தவர்கள் அதை எழுதியிருப்பார்கள். வெட்டி ஒட்டியவர்கள் எழுதியிருக்கமாட்டார்கள்.

சரி, அந்த செட்டுக்கு வருவோம். அந்த ஐந்தில் குறைந்தது இரண்டு மூன்று நூல்கள் அரசே இலவசமாகத் தரும் வெளியீடாக இருக்கும் என்பது என் சந்தேகம். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 105வது பிரிவுப்படி ஃபெடரல் (மத்திய) அரசின் படைப்புகளுக்குப் பதிப்புரிமை கிடையாது. யார் வேண்டுமானாலும் இறக்கி, அச்சடித்து, பளபளப்பான அட்டை போட்டு விற்கலாம். சட்டவிரோதம் இல்லை. ஆனால் வாங்குபவரிடம் 'இது இலவசமாகக் கிடைக்கும்' என்று சொல்லும் கடமையும் அவர்களுக்கு இல்லை. 'காங்கிரஷனல் டைரக்டரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் பெயர், குறிப்பு, தொகுதியில் அடங்கும் கவுன்ட்டிகள் (மாவட்டம் போன்றவை) எல்லாம் அதில் உண்டு. அரசு வெளியீட்டு அலுவலகத்தின் கவ்இன்ஃபோ தளத்தில் காசில்லாமல் இறக்கலாம். அதையே முப்பது நாற்பது டாலருக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வியாபாரம் வளர்ந்ததற்கு அரசும் பொறுப்பு. காங்கிரஸ் உறுப்பினர்களுக்காக ஆய்வறிக்கை எழுதும் காங்கிரஷனல் ரிசர்ச் சர்வீஸ் என்ற அமைப்பு உண்டு. எளிய நடை, கட்சிச் சார்பு இல்லாத எழுத்து, உங்கள் மகளுக்கும் புரியும். மக்கள் வரிப்பணத்தில் எழுதிய அந்த அறிக்கைகளைப் பத்தாண்டுக் கணக்கில் மக்களுக்கு நேரடியாகத் தராமலே வைத்திருந்தார்கள். உறுப்பினரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் இடைத்தரகரிடம் காசு கொடுக்க வேண்டும். 2018இல் சட்டம் போட்ட பிறகுதான் இணையத்தில் பொதுவில் வைத்தார்கள். இன்னும் பலருக்கு இது தெரியாது, தரகர்கள் அதை நம்பித்தான் பிழைக்கிறார்கள். இன்னொரு பக்கம், 1878 முதல் வந்துகொண்டிருந்த 'ஸ்டாடிஸ்டிகல் அப்ஸ்ட்ராக்ட்' என்ற நாட்டின் புள்ளிவிவரத் தொகுப்பைச் செலவுக்குப் பயந்து 2012 பதிப்போடு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையான சென்சஸ் பியூரோ நிறுத்திவிட்டது. இப்போது ஒரு தனியார் நிறுவனம் தொடர்கிறது. பொதுமக்கள் மேசையில் இருந்த புத்தகம் சந்தாதாரரின் மேசைக்குப் போனதில் எனக்கு இன்றும் கோபம்தான்.

விலை கொடுத்து வாங்க வேண்டிய நூல்களையும் நூலகத்தில் கேளுங்கள். உங்கள் ஊர் நூலகத்தில் இல்லையென்றால் வேறு நூலகத்திலிருந்து இன்டர்லைப்ரரி லோனில் வரவழைத்துத் தருவார்கள். ஃபெடரல் டெபாசிட்டரி நூலகங்கள் நாடெங்கும் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அரசு வெளியீடுகளைப் பொதுமக்கள் யார் வந்தாலும் இலவசமாகப் பார்க்க விட வேண்டும் என்பது அவற்றுக்கான சட்டம். பல்கலைக்கழக நூலகமாக இருந்தாலும் தயங்காமல் போய்க் கேளுங்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஈகிள்டன் நிறுவனம் 1956 முதல் மாநில அரசியலை ஆராய்கிறது. அவர்கள் தளத்தை மகள் ஒருமுறை பார்க்கட்டும்.

தேர்தல் பணம் பற்றி எழுதப் போகிறாள் என்றால் மட்டும் கவனம். ஃபெடரல் எலக்ஷன் கமிஷன் தளத்தில் அதிபர், செனட், பிரதிநிதிகள் சபை வேட்பாளர்கள் மட்டுமே இருப்பார்கள். ஆளுநர், மாநிலச் சட்டமன்ற வேட்பாளர்களின் கணக்கு நியூ ஜெர்ஸியின் தேர்தல் சட்ட அமலாக்க ஆணையத்தில் (சுருக்கமாக எலெக்) இருக்கிறது. நியூ ஜெர்ஸியில் ஆளுநர் தேர்தலும் சட்டமன்றத் தேர்தலும் ஒற்றைப்படை ஆண்டுகளில் வரும். 2024இல் தேடிவிட்டு ஒன்றுமே இல்லை என்று எழுதிவிடப் போகிறாள்.

அந்த நண்பரிடம் ஒவ்வொரு நூலுக்கும் பதிப்பகம், பதிப்பாண்டு, ஐ.எஸ்.பி.என். (நூலின் அடையாள எண்) மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வந்ததும் நூலகரிடம் காட்டுங்கள். எது இலவசம், எது பழசு, எது நூலகத்திலேயே இருக்கிறது என்று பிரித்துச் சொல்லிவிடுவார். மூன்றையும் தரத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.