செவ்வாய்க்கிழமை சைக்கிள்

அன்புள்ள அண்ணாச்சி,

வணக்கம். திருநெல்வேலி பெருமாள்புரத்தில் இருக்கிறேன். வயது 41. வண்ணார்பேட்டையில் அலுவலக வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். ஒன்றரை வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் நாலு பேருடன் எம்டிபி, அதாவது காடுமேட்டில் ஓட்டுகிற மவுண்டன் பைக், ஓட்டுகிறேன். குளத்துக்கரை, பரும்புக்காடு, பொத்தைக் குன்றின் சரிவு என்று மூன்று மணி நேரம் சுற்றுவோம். என்னுடையது 29 அங்குல வீல், முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன். எல்லாம் சந்தோஷமாகத்தான் போகிறது, கடைசி ஏற்றம் வரை. அங்கே நான் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிறேன். மற்றவர்கள் மேலே பாறையில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருக்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது.

வார நாட்களில் காலை ஐந்து முதல் ஆறேகால் வரை நேரம் உண்டு. அப்புறம் பிள்ளையைப் பள்ளிக்கூட வேனுக்குக் கிளப்ப வேண்டும். அந்த நேரத்தில் பயிற்சிக்காக ஓட்ட இன்னொரு சைக்கிள் வாங்கலாம் என்று நினைக்கிறேன். நண்பர் ஒருவர் ரோடு பைக் என்கிறார். இன்னொருவர், ரோடு பைக் மாதிரி வளைந்த பிடியும் அதைவிட அகலமான டயரும் உள்ள கிராவல் பைக் என்கிறார். கடைக்காரர் சஸ்பென்ஷன் வைத்த ஹைப்ரிட்டை (ரோடு பைக்குக்கும் எம்டிபிக்கும் நடுவானது) தலையில் கட்டப் பார்க்கிறார். வீட்டில் மட்டும், ‘ஏற்கெனவே ஒண்ணு நிக்கில்லா, அதையே ஓட்டுனா என்ன?’ என்கிறாள். கையில் நாற்பதாயிரம் இருக்கிறது. எதை வாங்கலாம், அண்ணாச்சி? பெயர் போட வேண்டாம்.

பெருமாள்புரம் வாசகர்

அன்புள்ள தம்பி,

நீங்கள் எழுதியதில் நல்ல கேள்வி உங்கள் வீட்டில் கேட்டதுதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டால் மற்றது தானாக வந்துவிடும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் நீங்கள் எந்த சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தெரியாது. அரசாங்கம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற இலவச சைக்கிளில் மிதித்தாலும் மூச்சு வாங்கும், ரெண்டு லட்ச ரூபாய் கார்பன் சைக்கிளில் மிதித்தாலும் வாங்கும். உங்கள் எம்டிபியிலேயே தார் ரோட்டில் தாராளமாகப் பயிற்சி செய்யலாம். கியர் போதாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முன்னால் 32 பல், பின்னால் 11 பல் என்று வைத்து, நிமிஷத்துக்குத் தொண்ணூறு சுற்று மிதித்தால் 29 அங்குல வீலில் மணிக்கு 36 கி.மீ. வேகம் வரும். காலை ஐந்தரை மணிக்கு மேலப்பாளையம் ரோட்டில் அதற்கு மேல் எதற்கு?

அப்படியானால் இரண்டாவது சைக்கிள் வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் உங்கள் நண்பர்கள் சொல்லும் காரணத்துக்காக இல்லை. அவர்கள் வேகத்தைச் சொல்வார்கள். நான் நெருஞ்சி முள்ளைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பரும்பில் ஓட்டிவிட்டு வருகிறீர்கள். டயரில் நெருஞ்சியோ உடைமுள்ளோ ஒன்று ஏறியிருக்கும். உடனே காற்று இறங்காது. திங்கள் முழுவதும் வண்டி நல்ல பிள்ளையாக நிற்கும். செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்கு, இருட்டில், ஷூவெல்லாம் மாட்டிக்கொண்டு வந்து பார்த்தால் டயர் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் பஞ்சர் பார்க்கிற மனசு யாருக்கு இருக்கிறது? நான் திரும்பிப் போய்ப் படுத்திருக்கிறேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, ஒரு வருஷத்தில் முக்கால்வாசி செவ்வாய்க்கிழமைகளை அப்படித் தொலைத்தவன் நான். முள் இல்லாத வாரம் செயினில் குளத்து மண் காய்ந்து, ஜல்லடையில் உமி சலிக்கிற மாதிரி சத்தம் கேட்கும். திங்கட்கிழமை ராத்திரி கழுவி, துடைத்து, எண்ணெய் போட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நினைத்துக்கொள்வேன். நினைப்பதோடு சரி.

ஆகவே, நீங்கள் வாங்கப்போவது செவ்வாய்க்கிழமை காலையில் ஓடத் தயாராக நிற்கிற சைக்கிள். காட்டுப் பக்கமே போகாத, மண் ஒட்டாத, ராத்திரி காற்றைப் பார்த்துவிட்டு வாசல் பக்கம் நிறுத்தி வைக்கிற சைக்கிள். இதை வீட்டில் சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்வார்கள் என்று உத்தரவாதம் தர முடியாது. என் வீட்டில் ஒத்துக்கொள்ள இரண்டு மாதம் ஆனது.

இடையில் ஒரு குறுக்குவழி உண்டு. 29 அங்குல எம்டிபி ரிம்மும் 700சி ரோடு பைக் ரிம்மும் ஒரே விட்டம்தான், டயர் உட்காரும் இடத்தில் 622 மி.மீ. அதனால் உங்கள் வண்டியிலேயே 40 மி.மீ. வழவழப்பான டயர் போடலாம். கொட்டை டயரின் இழுவை போய்விடும், முன் ஃபோர்க்கின் சஸ்பென்ஷனை அசையாமல் பூட்டிவிட்டால் பாதி ரோடு பைக் ஆகிவிடும். நான் ஒரு மழைக்காலம் முழுக்க அப்படி ஓட்டினேன். ஆனால் சனிக்கிழமை ராத்திரி ஒரு டயர், திங்கள் ராத்திரி ஒரு டயர் என்று மாற்றிக்கொண்டிருக்க நாம் என்ன மெக்கானிக் கடையா வைத்திருக்கிறோம்? டியூப்லெஸ் என்றால் பஞ்சரை அடைக்க உள்ளே ஊற்றிய பால் மாதிரித் திரவம் வேறு கையெல்லாம் அப்பும். தனியாக ஒரு ஜோடி வீலே வாங்கி வைக்கலாம். அதில் டிஸ்க் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, மாற்றும்போதெல்லாம் பிரேக் உரசும், அதைச் சரிபண்ண வேண்டும். மறுபடியும் திங்கட்கிழமை ராத்திரி வேலை.

சரி, எதை வாங்க?

சஸ்பென்ஷன் வைத்த ஹைப்ரிட் வேண்டாம். அந்த விலையில் வரும் ஃபோர்க் இரும்புச் சுருள், கனம்தான் மிச்சம். நீங்கள் எழுந்து நின்று மிதிக்கும்போது உங்கள் பலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டுக் குனிந்து நிமிரும். தார் ரோட்டு வேகத்தடைக்கு நல்ல அகலமான டயரே போதும்.

ரோடு பைக்கில் எனக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. பத்து வருஷத்துக்கு முன் ஒரு கடையில் 23 மி.மீ. டயர் போட்ட ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். பிரேம் அளவு 58 செ.மீ. எனக்கு அது பெரிது என்று இப்போது தெரிகிறது. அன்று கடைக்காரர், ‘சார் கை நீளத்துக்கு இதுதான் சரி’ என்றார். நானும் என் கை நீளத்தைப் பற்றி யாரோ நல்லதாகச் சொல்லிவிட்டார்கள் என்று பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். நாலாவது நாளே வெள்ளை அடிக்காத ஒரு வேகத்தடையில் இருட்டில் விழுந்து பின் ரிம் நெளிந்தது. பெண்டு எடுத்து ஓட்டினேன். அடுத்த மாதம் கழுத்து வலி, அப்புறம் முழங்கால். பெடல் மிதிக்கும் கலையே எனக்கு மறந்துவிட்டதோ என்று நினைத்தேன். வண்டியில் குற்றமில்லை, என் உடம்புக்கு அது செய்யப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் வளைந்த ஹேண்டில்பாரை ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். காரணம் நம் ஊர்க் காற்று. வைகாசி முடிந்து ஆனி, ஆடி வந்தால் செங்கோட்டைக் கணவாயிலிருந்தும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்தும் தென்மேற்குக் காற்று அள்ளிக்கொண்டு வரும். கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் அத்தனை காற்றாலை சும்மா நிற்கவில்லை. குற்றாலத்தில் சாரல் என்று ஊரே கொண்டாடுகிற மாதத்தில், நீங்கள் முன்னீர்ப்பள்ளம் தாண்டி மேலச்செவல், பத்தமடை திசையில் மிதித்துப் பாருங்கள். காற்றே இல்லாத நாளில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். அதே வேகத்தில் போகும்போது எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், அது உங்களைத் தடுக்கும் பலம் நான்கு மடங்கு ஆகிவிடும். இரண்டு மடங்கு இல்லை, நான்கு. சும்மா சமதளத்தில் ஒரு பொத்தை ஏறுகிற வேலை.

இதில்தான் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. பெருமாள்புரத்தைச் சுற்றி வார நாளில் ஏறிப் பழக மலை எங்கே என்று தேட வேண்டாம். போகும்போது மேற்கே காற்றை எதிர்த்துப் போங்கள். வரும்போது அது முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விட்டுவிடும். ஆறேகாலுக்குள் வந்து சேரவும் அதுதான் வழி. கிழக்கே கிருஷ்ணாபுரம் பக்கம் முதலில் போனால் ‘நாம என்ன வேகம்!’ என்று மீசையை முறுக்கிக்கொண்டு போய், திரும்பும்போது அழுதுகொண்டு வருவீர்கள். பள்ளிக்கூட வேன் போயே போய்விடும். காற்றில் ஸ்பீடோமீட்டரைப் பார்க்க வேண்டாம். மணிக்கு 14 காட்டும், மனசு உடைந்துவிடும். மூச்சைப் பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை நாலு நிமிஷம் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாத அளவுக்கு மிதியுங்கள், மூன்று நிமிஷம் சும்மா சுழற்றுங்கள். இப்படி நான்கு தடவை. முன்னும் பின்னும் கால் மணி நேரம் உடம்பு சூடாகவும் ஆறவும். வியாழக்கிழமை முழு நேரமும் பக்கத்தில் வருகிறவரோடு ஊர்க்கதை பேச முடிகிற வேகம், அதற்கு மேல் ஒரு மிதி கூடாது. இன்னொரு நாள் கிடைத்தால் அதுவும் வியாழன் மாதிரியே. எல்லா நாளும் பாதி மூச்சு வாங்க ஓட்டுவதுதான் நாம் எல்லோரும் செய்யும் தப்பு. ஞாயிற்றுக்கிழமைக்குக் காலில் ஒன்றும் மிச்சம் இருக்காது. நாற்பது தாண்டிய நாற்காலிக்காரர் என்பதால், செவ்வாய்க்கிழமைப் பயிற்சியைத் தொடங்குமுன் டாக்டரிடம் ஒரு ஈசிஜி பார்த்துக்கொள்ளுங்கள். சைக்கிள் விலையில் அது ஒரு மூலைக்கு வராது.

எம்டிபி ஓட்டுகிறவர் தார் ரோட்டில் பழகுவது ஏதோ துரோகம் என்று உங்கள் குழுவில் யாராவது சொல்லலாம். டாம் பிட்காக் டோக்கியோவிலும் பாரிஸிலும் எம்டிபி ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். நடுவில் 2022-இல் டூர் டி பிரான்ஸில் ஆல்ப் டியூஸ் மலைக் கட்டத்தை ரோடு பைக்கில் ஜெயித்தார். 2024 பாரிஸில் பெண்கள் எம்டிபி தங்கம் வாங்கிய போலீன் ஃபெராண்ட் பிரேவோ மறு வருஷமே பெண்கள் டூர் டி பிரான்ஸை ஜெயித்தார். கைக்கும் தோளுக்கும் மட்டும் தார் ரோட்டில் வேலை கிடையாது. வீட்டுக்கு வந்து தண்டால் எடுங்கள், போதும்.

ஆக, என் கை காட்டுவது இது. ஃபோர்க்கில் சஸ்பென்ஷன் இல்லாத வண்டி. 35 மி.மீ. டயராவது தாராளமாக நுழைகிற இடைவெளி. பின்னால் மட்கார்டு மாட்ட ஓட்டை. ஐப்பசி கார்த்திகையில் இல்லாவிட்டால் முதுகில் சேற்றுக் கோடு விழும். கிராவல் பைக் இந்த மூன்றிலும் பொருந்தும், குனிந்து காற்றுக்கு அடியில் போகவும் வளைந்த பிடி இருக்கும். பழையது ஒன்று உங்கள் பணத்துக்குள் கிடைத்தால் யோசிக்காதீர்கள். கிடைக்காவிட்டால் சஸ்பென்ஷன் இல்லாத ஹைப்ரிட் புதிதாகவே வாங்கிவிடலாம், மீதியில் விளக்கு வாங்குங்கள். விளக்கைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தை மாதம் நமக்கு விடிய ஆறரை தாண்டிவிடுகிறது, உங்கள் பயிற்சி முழுக்க இருட்டில்தான். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. நாய்க்கு எந்த விளக்கும் பயன்படாது. இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் அதற்கு ஆர்வம் போய்விடும்.

மாஞ்சோலை ஏறுவது பற்றி வேறு சிலர் கேட்டிருந்தார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது 1988-இல் அறிவித்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் மணிமுத்தாறு சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. சைக்கிள்தானே என்று போய் நிற்காதீர்கள்.

வாங்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் எம்டிபியில் இரண்டு பெடல் கைகளும் சேர்ந்து சுழல்கிற நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை நாடா வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புது வண்டியிலும் சீட்டை அதே உயரத்துக்கு வையுங்கள், பெடலும் அதே ரகமாக இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை பழகிய கால் ஞாயிற்றுக்கிழமை குழம்பக் கூடாது. சீட் தாழ்ந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும், ரொம்ப உயர்ந்தால் பின்பக்கம் இழுக்கும். இரண்டையும் நான் அனுபவித்தாயிற்று.

அந்த அளவோடு உங்கள் உயரத்தையும் எழுதுங்கள். நெளிந்த ரிம்மை மாற்றிய அந்த 58 இன்னும் என் வீட்டு மாடிப்படிக்கு அடியில்தான் கிடக்கிறது. நீங்கள் ஆறடிக்குக் குறைவு என்றால் நான் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டேன்.