பார்டர் கோலி நாயின் குணம் எப்படி? சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஒத்துவருமா?

லீட்ஸில் சின்னத் தோட்டத்தோடு வீடு, ஐந்து வயதிலும் மூன்று வயதிலும் பிள்ளைகள், பெற்றோர் நீங்கள் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள், "உலகிலேயே புத்திசாலி நாய்" என்பதால் குட்டி வாங்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நிலைமைக்குக் குட்டியாக வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். நான் இருப்பது வடமேற்கு இங்கிலாந்தின் கம்ப்ரியாவில், சுற்றிலும் ஆட்டுப்பண்ணைகள். அடுத்த பண்ணைக்காரரிடம் எப்போதும் இரண்டு மூன்று கோலிகள் இருக்கும். அவற்றைத் தினமும் பார்க்கிற பழக்கத்தில் எழுதுகிறேன்.

நம்ம ஊரில் கிடையோடு போகும் நாய் காவலுக்கு. ராத்திரி நரியோ திருடனோ வந்தால் குரைக்கும். ஆட்டை ஓட்டுவது மேய்க்கிறவர் பாடு. பார்டர் கோலியின் வேலையே ஆட்டை ஓட்டுவதுதான். அது எப்படி ஓட்டுகிறது என்று பார்த்தால் பாதி குணம் புரிந்துவிடும்.

மேலே சரிவில் ஹெர்ட்விக் என்ற இனத்துச் செம்மறி ஆடுகள் சிதறி மேய்ந்துகொண்டிருக்கும். பண்ணைக்காரர் கீழே கேட் அருகே நின்று, வாய்க்குள் வைத்த தகட்டு விசிலை ஊதுவார். நாய் ஆடுகளை நோக்கி நேராக ஓடாது. பெரிய வட்டமாகச் சுற்றி அவற்றுக்குப் பின்னால் போய் நிற்கும். தலையைத் தோளுக்குக் கீழே இறக்கி, வாலைத் தொங்கவிட்டு, இமைக்காமல் பார்க்கும். இந்தப் பார்வைக்கு ஆட்டுக்காரர்கள் வைத்த பெயர் 'ஐ', அதாவது கண். ஆடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கும். ஒரு கிழட்டுப் பெண்ணாடு திரும்பி நின்று முன்காலால் தரையை உதைத்ததைப் பார்த்திருக்கிறேன். நாய் ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி அப்படியே உறைந்து நின்றது. பிறகு ஒரே ஒரு அடி. ஆடு முகத்தைத் திருப்பிக்கொண்டு கூட்டத்தோடு சேர்ந்துவிட்டது. குரைப்பு இல்லை, கடி இல்லை. 'கம் பை' என்றால் கடிகாரச் சுற்று, 'அவே' என்றால் எதிர்ச்சுற்று, 'தட்ல் டூ' என்றால் போதும், வா. பிரிட்டனில் எந்தப் பண்ணைக்குப் போனாலும் பெரும்பாலும் இதே கட்டளைகள்தான்.

ஓநாய் வேட்டையாடும்போது பார்க்கும், பதுங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். இந்த வரிசையில் முதல் மூன்றை ஏற்றிவிட்டு, கடைசி இரண்டை அடக்கி வைத்த நாய்தான் பார்டர் கோலி. 1893இல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த 'ஓல்ட் ஹெம்ப்' என்ற நாயிடமிருந்துதான் இன்றைய பார்டர் கோலிகளில் பெரும்பாலானவை வந்திருக்கின்றன. தாய் மெக் கூச்ச சுபாவம், ஆனால் பார்வை கடுமையானது. தந்தை ராய் சாதுவான நாய். இரண்டும் சரியாகக் கலந்து, சத்தமில்லாமல் ஆடுகளை நகர்த்தும் நாயாக ஹெம்ப் அமைந்தது. ஆட்டுக்காரர்கள் எல்லாரும் அதையே இனச்சேர்க்கைக்குக் கேட்டார்கள். அதற்குப் பிறந்த குட்டிகள் 200 இருக்கும் என்பார்கள். 1906இல் தொடங்கிய சர்வதேச ஆட்டுநாய்ச் சங்கமும் அழகைப் பார்க்காமல் வேலையைப் பார்த்தே இந்த இனத்தை வளர்த்தது. அதனால்தான் ஒன்றுக்கு நீள முடி, இன்னொன்றுக்குக் குட்டை முடி, ஒன்றுக்குக் காது நிமிர்ந்து, இன்னொன்றுக்கு மடிந்து. நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமெரிக்கக் கென்னல் கிளப் 1995இல் இதை அங்கீகரித்தபோது அங்கிருந்த ஆட்டுக்காரர்கள்தான் முதலில் எதிர்த்தார்கள். கண்காட்சிக்கு வளர்த்தால் வேலைத்திறன் போய்விடும் என்ற பயம். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

இந்த நாயை உங்கள் ஹாலில் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும்? ஆடு இல்லை. ஆனால் ஓடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சுற்றி வளைக்கும், மூலைக்கு ஒதுக்கும், பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினால் குதிகாலைச் சீண்டும். கோபத்தில் செய்வதில்லை, அதற்கு அது வேலை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பிள்ளைகள் இல்லாத நேரம் சைக்கிள், கார், வேக்குவம் கிளீனர் என்று எதையாவது துரத்தும். சில நாய்கள் சுவரில் விழும் வெளிச்சத்தையும் நிழலையும் மணிக்கணக்காக முறைத்துப் பார்க்கும். வீடியோவில் பார்த்தால் சிரிப்பு வரும். வீட்டில் வந்தால் அது ஒரு வியாதி, நிறுத்துவது லேசில்லை.

இன்னொன்று, தொட்டாற்சுருங்கி மனசு. பாதி மைலுக்கு அப்பால் விசிலின் ஏற்ற இறக்கத்தைப் பிடிக்கிற காது உங்கள் வீட்டுச் சண்டையையும் பிடிக்கும். குரலை உயர்த்தினால் சோபாவுக்குப் பின்னால் போய்விடும். நவம்பரில் பட்டாசு வெடிக்கும் வாரத்தில் நடுங்குகிற கோலிகள் ஏராளம்.

புத்திசாலி என்பது உண்மைதான். சேசர் என்ற பார்டர் கோலி 1,022 பொம்மைகளின் பெயரைத் தனித்தனியாகக் கற்றுக்கொண்டது. 2011இல் ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது. ஆனால் கற்றுக்கொடுத்த ஜான் பில்லி ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர். தினமும் நான்கைந்து மணி நேரம், மூன்று வருஷம் அதற்காகவே உட்கார்ந்தார். அந்த மூளைக்கு நீங்கள் வேலை கொடுக்காவிட்டால், கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டு தானே வேலை தேடிக்கொள்ளும்.

"அப்ப நிறைய ஓடவிட்டால் போச்சு" என்று சிலர் பந்து எறிகிறார்கள். ஒரு மணி நேரம் பந்து எறிந்தால் நாய் களைக்காது. அடுத்த வாரம் இரண்டு மணி நேரம் கேட்கும் உடம்பு வந்துவிடும், அவ்வளவே. மோப்பம் பிடித்துத் தேடும் விளையாட்டு, புதுப்புது வித்தைகள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சும்மா படுத்திருக்கப் பழக்குவது, இவைதான் பலன் தரும். அடுத்த பண்ணைக்காரர் வேலை முடிந்ததும் நாய்களைக் கூண்டில் விட்டுவிடுவார். அவையும் நிம்மதியாகத் தூங்கும்.

எல்லா பார்டர் கோலியும் இப்படியே இருக்கும் என்றும் இல்லை. 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்த பெரிய ஆய்வில், தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனம் விளக்கியது. ஆட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காத கோலிகளும் பிறக்கின்றன. பண்ணைக்காரர்களுக்கு அவை வேண்டாத சரக்கு. உங்களுக்கு வேண்டியது அதுதான். மீட்பு அமைப்புகளில் நான்கைந்து வயது தாண்டிய, பிள்ளைகளோடு ஏற்கெனவே இருந்து பழகிய கோலி கிடைக்குமா என்று கேளுங்கள். போய்ப் பார்க்கும்போது பிள்ளைகளையும் கூட்டிப்போய், தூரத்தில் ஓடி விளையாடச் சொல்லுங்கள். நாய் ஒரு பார்வை பார்த்துவிட்டு உங்களிடம் திரும்பினால் மேற்கொண்டு பேசலாம். தலையைத் தாழ்த்தி உறைந்து நின்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

குட்டிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், தாய் தந்தை இரண்டுக்கும் கண், இடுப்புப் பரிசோதனைச் சான்று கேளுங்கள். வலிப்பு பற்றியும் கேளுங்கள், இந்த இனத்தில் அது உண்டு. ஐவர்மெக்டின் கலந்த பூச்சி மருந்து சில கோலிகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால், எது கொடுப்பதாக இருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.