மார்க் ஷீட் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகலாமா?

கேள்வி: ஆச்சி, வணக்கம். நான் தேவகோட்டைப் பக்கம். காரைக்குடி அருகே அரசு உதவி பெறும் ஒரு எய்டட் கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், வயது 20. போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பட்டாலையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே மாப்பிள்ளையின் பெரியப்பா, "ரெண்டாவது செமஸ்டர்ல ஸ்டாடிஸ்டிக்ஸ் போயிருச்சு போல" என்றார். அதோடு விடவில்லை. "போன வருஷம் ஒரு மாசம் காலேஜுக்கே வரலையாமே, உடம்புக்கு என்ன?" என்று அப்பத்தாவைக் கேட்டார். எனக்கு டைபாய்டு வந்திருந்தது, குறைந்த அட்டென்டன்ஸை மன்னித்து ஏற்கும் கண்டோனேஷனுக்காக மெடிக்கல் சர்டிஃபிகேட் கொடுத்திருந்தேன். அவர் போனில் என் மார்க் ஷீட் போட்டோவே இருந்தது. ஆபீஸில் அவருக்குத் தெரிந்தவர் இருக்கிறாராம். ஆனால் இந்த செமஸ்டர் காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னலில் 25-க்கு 11 போட்டிருக்கிறார்கள், டெஸ்ட் பேப்பரைப் பார்க்க வேண்டும் என்று நான் போய்க் கேட்டால் அதே ஆபீஸில் "அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல்" என்று அனுப்பிவிட்டார்கள். டெக்ஸாஸில் படிக்கும் பெரியப்பா மகன், அங்கே நம் கையெழுத்து இல்லாமல் பெற்றவர்களுக்குக்கூடத் தர மாட்டார்கள் என்கிறான். நமக்கு அப்படி எதுவும் இல்லையா? அம்மாவோ டி.சி. கைக்கு வரும்வரை வாயைத் திறக்காதே என்கிறார்.

— பெயர் வேண்டாம், தேவகோட்டை

பதில்: அம்மாடி, உன் மார்க் ஷீட்டை அந்தப் பெரியவருக்குக் கொடுத்ததும் தப்பு, உன் பேப்பரை உனக்குக் காட்டாததும் தப்பு. இரண்டையும் கேட்க வழி இருக்கிறது. டி.சி. வாங்கும்வரை காத்திருக்காதே, ஏனென்றால் அதற்குள் அந்த டெஸ்ட் பேப்பரே இல்லாமல் போய்விடும். இன்டர்னல் பேப்பர்கள் டிபார்ட்மென்ட் அலமாரியில் கொஞ்ச நாள் கிடக்கும், கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வந்தால் காட்டுவதற்கு மாதிரிக்குச் சிலதை ஃபைலில் எடுத்து வைப்பார்கள், மீதி எடைக்குப் போய்விடும். அதனால் முதலில் பேப்பர் விஷயம்.

விடைத்தாள் எழுதியவருக்கே காட்டக்கூடாத ரகசியம் என்ற பேச்சை உச்ச நீதிமன்றம் 2011-லேயே முடித்துவைத்துவிட்டது. சி.பி.எஸ்.இ.க்கும் ஆதித்ய பந்தோபாத்யாய் என்ற மாணவருக்கும் இடையே நடந்த வழக்கு அது. திருத்திய விடைத்தாள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் 'தகவல்'தான், எழுதியவர் அதைப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம் என்று தீர்ப்பு வந்தது. திருத்தியவர் யார் என்பதை மட்டும் மறைத்துக்கொள்ளலாம். அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது: விதிப்படி பேப்பரை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டுமோ அத்தனை நாளுக்குத்தான் இந்த உரிமை, கழித்துக்கட்டிய பிறகு கேட்டால் யாராலும் தர முடியாது. வழக்கு பொதுத்தேர்வு பற்றியது என்றாலும் அதில் சொன்ன நியாயம் இன்டர்னலுக்கும் பொருந்தும். இன்டர்னலில் திருத்தியவர் யார் என்பது வகுப்புக்கே தெரியும் என்பதால் மறைக்கவும் ஒன்றுமில்லை.

சட்டத்துக்குப் போவதற்கு முன்னால் பாடம் எடுக்கும் மேடத்திடம் நேரில் போய்க் கேட்டாயா? கடிதத்தில் ஆபீஸைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாய். ஆபீஸ் கவுண்டரில் பேப்பர் இருக்காது, அங்கே மார்க் என்ட்ரி மட்டும்தான் இருக்கும், அதனால் கவுண்டரில் இருப்பவர் வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுவார். மேடத்திடம் போய் "எங்கே மார்க் போச்சுன்னு தெரிஞ்சா அடுத்ததுல சரி பண்ணிக்குவேன்" என்று கேள். டெஸ்டுக்கு எத்தனை, அசைன்மென்டுக்கு எத்தனை, அட்டென்டன்ஸுக்கு எத்தனை என்று பிரித்துக் காட்டச் சொல். பல நேரம் அசைன்மென்ட் மார்க் ஏறாமல் விட்டுப்போயிருக்கும், அல்லது பக்கத்து ரோல் நம்பரின் மார்க் உன் வரிசையில் ஏறியிருக்கும். அப்படி இருந்தால், பல்கலைக்கழகத்துக்கு மார்க் போவதற்கு முன்னால் திருத்துவது ஒரு கையெழுத்து வேலை. போன பிறகு அது பெரிய அலைச்சல்.

அங்கேயும் மறுத்தால் தகவல் அறியும் உரிமை மனு போடு. உன்னுடையது எய்டட் கல்லூரி. அரசு நிதியில் பெருமளவு நடக்கும் கல்லூரிகளும் இந்தச் சட்டத்தின் கீழ் வரும் என்று 2019-ல் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெள்ளைத்தாளில் "பொதுத் தகவல் அலுவலர்" என்று முகவரியிட்டு, 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள். ஏன் கேட்கிறாய் என்று காரணம் எழுத வேண்டியதில்லை, சட்டமே அப்படிச் சொல்கிறது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மறுத்தாலோ, அதிலிருந்து 30 நாளுக்குள் அங்கேயே மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதற்கும் மேலே தமிழ்நாடு தகவல் ஆணையம் இருக்கிறது. முழுக்கத் தனியார் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும் இதைப் படிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன்: உங்கள் கல்லூரி இந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று சொன்னால் பல்கலைக்கழகத்துக்கு மனு போடுங்கள். இணைப்புக் கல்லூரியிடமிருந்து பல்கலைக்கழகம் சட்டப்படி கேட்டு வாங்கக்கூடிய தகவலையும் நீங்கள் பல்கலைக்கழகத்திடம் கேட்கலாம்.

இன்டர்னல் பிரச்சினைக்கு இன்னொரு கதவும் இருக்கிறது, பலருக்கு அது தெரியவே தெரியாது. யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2023-ல் மாணவர் குறைதீர்ப்புக்கென்று விதிமுறை கொண்டுவந்தது. ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், மார்க் போடுவதில் வெளிப்படைத்தன்மை இல்லை என்பது அங்கே கொண்டுபோகக்கூடிய குறை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. புகார் வந்து 15 வேலை நாளில் குழு அறிக்கை தர வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம், அதான் ஓம்பட்ஸ்பர்சன் என்கிறார்களே, அவரிடம் போகலாம்.

சரி, இப்போது அந்தப் பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். படிக்கும்போதே எனக்கு வயிறு எரிந்தது. மார்க்கைவிட அந்த மெடிக்கல் சர்டிஃபிகேட் விஷயம்தான் அதிகம் உறுத்துகிறது. அட்டென்டன்ஸுக்காக மட்டும் நம்பிக் கொடுத்த காகிதம் அது. அதில் இருந்த சேதியை ஒருவர் பார்த்து, இன்னொருவரிடம் சொல்லி, கடைசியில் உன் அப்பத்தா முன்னால் அது கேள்வியாக வந்து நின்றிருக்கிறது. நம் ஊரில் கல்யாணப் பேச்சு என்றால் நாலு பேரிடம் விசாரிப்பார்கள்தான், குடும்பம் எப்படி, பிள்ளை எப்படி என்று தெருவில் கேட்பதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் கல்லூரியின் பதிவேட்டைத் திறந்து போட்டோ எடுத்துக் கொடுப்பதை விசாரிப்பு என்று சொல்லாதே. பூட்டி வைக்கச் சொல்லி நீ கொடுத்ததை, காவலுக்கு இருந்தவரே எடுத்துக் கொடுத்த கதை இது.

கல்லூரி ஆபீஸ்களுக்கு இது தெரியாத சங்கதியும் கிடையாது. வேலைக்கு எடுக்கும் கம்பெனி ஒருவரின் சர்டிஃபிகேட் உண்மையா என்று சரிபார்க்கும்போது, அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட தாளை இணைத்துத்தான் வழக்கமாக அனுப்பும். அதை வரும் கடிதங்களைப் பதியும் இன்வர்டு பதிவேட்டில் ஏற்றி, கட்டணம் வாங்கி, எழுத்தில் பதில் போடுவார்கள். முன்பின் தெரியாத கம்பெனிக்கே இத்தனை நடைமுறை என்றால், தெரிந்தவர் என்பதற்காக ஒரு போன் காலில் கொடுத்தது முழுக்க அந்த ஊழியரின் சொந்தக் காரியம்.

அதனால் கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுது. ஊழியர் பெயரைப் போடாதே. யார் கொடுத்தார் என்று நீ நேரில் பார்க்கவில்லை, பெயர் போட்டுவிட்டால் அது இரண்டு பேருக்கு நடுவே உள்ள சண்டையாக மாறிவிடும். இவ்வளவு எழுதினால் போதும்: "என் மதிப்பெண் பட்டியல்களின் படமும் என் மருத்துவச் சான்றிதழில் உள்ள விவரமும் என் சம்மதமில்லாமல் வெளியாள் ஒருவரிடம் போயிருக்கின்றன. என் ஆவணங்களின் நகல் இதுவரை யாருக்கு, எந்தத் தேதியில், யாருடைய விண்ணப்பத்தின் பேரில், யாருடைய அனுமதியோடு வழங்கப்பட்டது என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். இனி என் எழுத்துபூர்வ சம்மதமின்றி யாருக்கும் வழங்க வேண்டாம்." இதே கேள்வியைத் தகவல் உரிமை மனுவிலும் சேர்த்துவிடு. "அப்படி எதுவும் வழங்கப்படவில்லை" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். வரட்டும். முறைப்படி வழங்கவில்லை என்றால் முறைகேடாகப் போயிருக்கிறது என்று கல்லூரியே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு முதல்வர் முன்னால் உட்காரும்போது பேச்சே வேறு மாதிரி போகும்.

டெக்ஸாஸில் படிக்கும் உன் அண்ணன் சொன்னது பெரும்பாலும் சரிதான். அமெரிக்காவில் 1974-லிருந்து ஃபெர்பா என்று ஒரு சட்டம் இருக்கிறது. 18 வயதானாலோ கல்லூரியில் சேர்ந்தாலோ, கல்விப் பதிவுகள் மீதான உரிமை பெற்றவர்களிடமிருந்து மாணவருக்கு வந்துவிடும். மாணவர் தன் பதிவைப் பார்க்கக் கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும், தப்பு இருந்தால் திருத்தச் சொல்லலாம். ஆனால் பெற்றவர்களுக்குத் தரவே மாட்டார்கள் என்பது முழுசாகச் சரியில்லை. வருமான வரிக் கணக்கில் பிள்ளையைச் சார்ந்தவராகக் காட்டியிருந்தால் சம்மதமில்லாமலே பெற்றவர்களுக்குக் கொடுக்கக் கல்லூரிக்கு அனுமதி உண்டு, அதை அவனிடமும் சொல்.

கல்லூரிப் பதிவுகளுக்கென்றே தனியாக அப்படி ஒரு சட்டம் நம்மிடம் இல்லை. அதற்காக வெறுங்கையோடு நிற்கிறோம் என்று நினைக்காதே. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. உன் தரவை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்கும் உரிமை, திருத்தச் சொல்லும் உரிமை எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் அந்தப் பிரிவுகள் விதிகள் வந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை இன்று கையில் இருப்பதை வைத்து நடப்போம்.

அதே 2025 நவம்பரிலிருந்து தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவும் மாறிவிட்டது, தனிநபர் விவரம் என்று சொல்லித் தகவலை மறுப்பது இப்போது முன்னைவிட எளிது. அந்தப் பிரிவைக் காட்டி உன் பேப்பரை உனக்கே மறுக்கப் பார்க்கலாம். அப்படி வந்தால் அதோடு நின்றுவிடாதே. அடுத்தவர் கண்ணிலிருந்து உன்னைக் காப்பதற்காக இருக்கும் பிரிவு அது, கேட்பது நீயே என்னும்போது அதை உனக்கு எதிராகத் திருப்புவது நியாயமில்லை என்று மேல்முறையீட்டில் எழுது.

இன்னொன்று, நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் பிள்ளைகளின் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் ஒரே எக்ஸெல் ஷீட்டில் போட்டு, "உங்க பேர் சரியா இருக்கா பாருங்க" என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டுவிடுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. 60 பேர் கணக்கு எண் 60 போனில் உட்கார்ந்திருக்கும். ஆதார் எண்ணைப் பலர் பார்க்கும்படி வெளியிடக்கூடாது என்று ஆதார் சட்டமே சொல்கிறது. உங்கள் குழுவில் அப்படி வந்தால் உடனே டியூட்டரிடம் சொல்லி நீக்கச் சொல்லுங்கள். கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் எங்கே ஏற்கப்படுகிறதோ அங்கே அதையே கொடுங்கள்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை, சின்ன ஊர், நாளைக்கும் அதே ஆபீஸ் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அதனால்தான் எழுத்தில் கேள் என்கிறேன். வாய்ப்பேச்சாகக் கேட்டால் கவுண்டரில் சத்தமாகும், பெயர் அடிபடும். எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிட்டால் அது ஒரு ஃபைல், அதற்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். முடிந்தால் அப்பாவையும் முதல்வர் அறைக்குக் கூட்டிப் போ. பேசுவது நீ, அப்பா பக்கத்தில் இருந்தால் போதும். உனக்கு 20 வயது, சட்டப்படி நீ மேஜர், மனுவில் உன் கையெழுத்துத்தான் இருக்க வேண்டும்.

டி.சி.யையோ ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையோ பிடித்து வைப்பார்களோ என்ற கவலைக்கும் பதில் உண்டு. மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக்கூடாது என்று யு.ஜி.சி. 2018-ல் தெளிவாக அறிவித்திருக்கிறது. ஆவணத்தைத் தராமல் இழுத்தடிப்பதும் நான் மேலே சொன்ன 2023 விதிமுறையில் குறையாகவே பட்டியலில் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் டி.சி.க்கு எழுதிக் கொடுத்து தேதி முத்திரை வாங்கிக்கொள், ஒரு வாரம் தாண்டினால் அந்த நகலோடு நேரே குறைதீர்ப்புக் குழுவுக்குப் போ. ஆனால் காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரைக் கேட்டு மேடத்தைப் பார்ப்பதை மட்டும் இந்த வாரமே செய்துவிடு.