வாசகர் கேள்வி பதில்: மாதக் கடைசியில் இறங்கும் சர்க்கரை

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் செவிலியர். கறுப்பின சர்க்கரை நோயாளிகள் பலர் அடிக்கடி அவசரப் பிரிவுக்கு வருவதால், டாக்டருடன் இன்னும் சிலரைச் சேர்த்துக் குழுவாகக் கவனிக்கப் போகிறார்களாம். டாக்டர் சொல்லியே கேட்காதவர்கள் குழு சொன்னால் கேட்பார்களா?

பதில்: அந்தக் 'கேட்காதவர்கள்' என்ற சொல்லோடுதான் எனக்குத் தகராறு. அங்கே ஒரு நகரத்தில் பல வருடம் நீரிழிவு நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் செவிலியராக இருந்தேன். எங்களிடம் வந்த ஒரு கறுப்பினப் பெரியவர், டாக்டர் சொன்னதை அப்படியே கேட்டதால்தான் மயங்கி விழுந்தார்.

எழுதிக்கொடுத்த இன்சுலினை ஒரு வேளைகூட விடமாட்டார். ஆனால் அரசு தரும் உணவு உதவிப் பணம் மாதம் ஒருமுறைதான் அட்டையில் ஏறும். இருபது தேதிக்கு மேல் தட்டு பாதியாகிவிடும். ஊசியின் அளவு மட்டும் குறையாது. எங்களிடம் "சாப்பிட்டேன்" என்றே சொல்வார். அதே தெருப் பக்கத்தில் வளர்ந்த சமூக சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குப் போய்க் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தார். இன்சுலின் பேனாவும் தண்ணீரும்தான் இருந்தன.

இவர் ஒருவர் கதையல்ல. 2014-இல் வெளியான கலிஃபோர்னியா ஆய்வு ஒன்றில், சர்க்கரை தாழ்ந்து மருத்துவமனையில் சேர்ந்த ஏழைகளின் எண்ணிக்கை மாத முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 சதவீதம் அதிகம். வசதியுள்ளவர்களிடம் அந்த ஏற்றமே இல்லை.

எங்களிடம் ஏன் மறைத்தார்? வெட்கம் பாதி. மீதி, டஸ்கிகீ. 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் வந்த கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் அரசே வேடிக்கை பார்த்த இடம். அவர் வீட்டில் அதைச் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள்.

இன்னொன்று: அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளில் ஏறக்குறைய 13-இல் ஒன்றுக்கு அரிவாள் அணு மரபுக்கூறு (ரத்தச் சிவப்பணுவைப் பாதிக்கும், பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக் கூறு) உண்டு. அது இருந்தால் மூன்று மாதச் சர்க்கரை அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். அவசரத்தில் டாக்டர் இதை மறந்தால் நினைவூட்ட மருந்தாளுநர் வேண்டும்.

சரி, குழு வைத்தால் போதுமா? எங்களிடம் முதல் ஆறு மாதம் பணியாளர் பார்த்ததை எழுதிக் கோப்பில் வைத்தார். டாக்டர் அதைப் புரட்டவே இல்லை. பெரியவர் இரண்டு முறை ஆம்புலன்ஸில் போனார். அப்புறம்தான், பணியாளர் போன் செய்தால் மருந்தாளுநர் எடுத்து, டாக்டரிடம் கேட்டு அன்றே ஊசி அளவைக் குறைப்பது என்று ஏற்பாடு செய்தோம்.

உங்கள் மகளின் குழுவில் அந்தப் போனை எடுப்பவர் யார் என்று கேளுங்கள்.