அமைச்சகமா, ஆய்வு இருக்கையா?

கேள்வி: முதுகலைப் பொருளியலை இந்த ஆண்டு முடிக்கிறேன். மத்திய அமைச்சகங்களில் பொருளியல் அதிகாரியாவதற்கான இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுதுவதா, முனைவர் பட்ட ஆய்வில் சேர்வதா? ஒன்றைத் தேர்ந்தால் மற்றது கைநழுவிவிடுமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் வயதுக் கணக்கைப் பாருங்கள். பொதுப் பிரிவினர் 30 வயதுக்குள் எழுதியாக வேண்டிய தேர்வு அது. பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று ஆண்டுகளும், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் ஐந்து ஆண்டுகளும் தளர்வு உண்டு. ஆய்வுப் படிப்பை எந்த வயதிலும் தொடங்கலாம். பணியில் சேர்ந்தாலும், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் படிப்பு விடுப்பு கேட்க விதி இடமளிக்கிறது.

ஆனால் வேலையின் தன்மை வேறு. அமைச்சகத்தில் கேள்வியைக் கேட்பவர் இன்னொருவர். நாளை காலைக்குள் அரைப் பக்கக் குறிப்பு வேண்டும் என்பார், அதில் உங்கள் பெயர் இருக்காது. பல்கலைக்கழகத்தில் கேள்வி உங்களுடையது. பதிலுக்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகலாம், அதைப் படிப்பவர்கள் சிலராகவே இருக்கலாம். இவற்றில் எந்தக் குறையை உங்களால் தாங்கிக்கொள்ள முடியும் என்பதே என் கண்ணில் முக்கியமான கேள்வி.

இரு பக்கமும் சென்றவர்கள் உண்டு. அரியலூரில் பிறந்த சி. ரங்கராஜன், பென்சில்வேனியாவில் முனைவர் பட்டம் பெற்று, அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பேராசிரியராக இருந்துவிட்டு, 50 வயதில், 1982-இல், ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநரானார். மத்திய அரசின் கையிருப்பு குறையும்போதெல்லாம் ரிசர்வ் வங்கி தானாகவே பணம் உருவாக்கித் தந்துவந்த தற்காலிகக் கருவூல உண்டியல் முறையை நிறுத்த, அவர் ஆளுநராக இருந்த 1994-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று; முறை முற்றிலும் ஒழிய 1997 ஆயிற்று. அரசுக்காக இப்படித் தானாகப் பணம் உருவாக்கக் கூடாது என்பது வகுப்பறையில் ஒரு மணி நேரத்தில் நிறுவிவிடக்கூடிய வாதம்தான்; அரசில் அதை நிறைவேற்ற ஆண்டுகள் ஆயின! இப்படி நடுவயதில் நேராக உச்சிக்கு அழைக்கப்படுபவர்கள் மிகச் சிலரே. அதை நம்பி 23 வயதில் திட்டமிட வேண்டாம்.

ஆகவே இரண்டு ஆண்டுகள் தேர்வுக்கு ஒதுக்குங்கள். இடங்கள் சொற்பம் என்பதால் கூடவே கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான நெட் தேர்வையும் எழுதுங்கள், பாடத்தில் பெரும்பகுதி ஒன்றேதான். பொருளாதாரப் பணித் தேர்வில் விடைகளை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். பொதுப் பொருளியல் முதல் தாளின் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, கடிகாரத்தை எதிரே வைத்து, மூன்று மணி நேரம் எழுதிப் பாருங்கள். கணிதமும் புள்ளியியலும் எங்கே இடறுகின்றன என்பது அன்றே தெரிந்துவிடும்.