அமெரிக்க கிராமப்புற கவுண்டிகளில் அரசு தரும் விவசாய மானியம் உண்மையில் யார் கைக்குப் போகிறது?

இல்லினாய் மாநிலத்தில், மக்காச்சோளமும் சோயாவும் தவிர வேறெதுவும் கண்ணில் படாத ஒரு கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பிப்ரவரி முழுக்க விவசாயிகள் கூட்டம்தான். மார்ச் 1-க்குள் தாக்கல் செய்துவிட்டால், காலாண்டுக்கு ஒருமுறை முன்வரி கட்டாததற்கு அவர்களுக்கு அபராதம் கிடையாது.

வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர், விதை பில், டீசல் பில் எல்லாவற்றையும் ஷூ டப்பாவில் திணித்துக் கொண்டுவருவார். அடியில் 1099-ஜி என்று ஒரு தாள் கிடக்கும். அரசு தந்த பணம் அதில்தான் இருக்கும்.

உழுகிறவருக்கு உழுத பயிருக்காகத் தருகிறார்கள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. பெரும்பாலான வயல்களுக்கு 'பேஸ் ஏக்கர்' என்று ஒரு பழைய பதிவு உண்டு. முன்னொரு காலத்தில் என்ன பயிர் எத்தனை ஏக்கரில் இருந்தது என்ற கணக்கு. நம்மூர் அடங்கலை எப்போதோ எழுதி, அப்படியே பூட்டி வைத்த மாதிரி. பதிவில் மக்காச்சோளம் என்று இருந்தால், இந்த வருஷம் சோயா போட்டிருந்தாலும் மக்காச்சோளத்துக்கான பணம்தான் வரும்.

சந்தை விலை ஆதார விலைக்குக் கீழே போனால் அந்த வித்தியாசத்தை அரசு தரும். 2014 விவசாயச் சட்டம் மக்காச்சோளத்துக்கு வைத்த ஆதார விலை புஷலுக்கு (சுமார் 25 கிலோ) 3.70 டாலர். 2019 அறுவடைக்கு நாட்டுச் சராசரி விலை 3.56. வித்தியாசம் 14 சென்ட். 100 பேஸ் ஏக்கர், பதிவில் ஏக்கருக்கு 150 புஷல் மகசூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 85 ஏக்கருக்குத்தான் தருவார்கள், ஆக 1,785 டாலர். அதுவும் அடுத்த ஆண்டு அக்டோபருக்குப் பிறகுதான். 2025 சட்டம் ஆதார விலையை 4.10 ஆக்கிவிட்டது.

அதே 2019-இல் சீனாவுடனான வரிச் சண்டைக்கு நஷ்டஈடாக வந்த பணம் தனிக் கதை. அதை விதைத்த ஏக்கருக்குத்தான் தந்தார்கள், ஆனால் ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை கவுண்டிக்குக் கவுண்டி ரேட் வேறு. பெரியவரின் வயல் கவுண்டி எல்லைச் சாலையை ஒட்டியது. இந்தப் பக்கம் நின்றால் ஒரு ரேட், சாலையைத் தாண்டினால் இன்னொன்று. மண்ணும் ஒன்று, மழையும் ஒன்று. அந்தச் சாலையைக் காட்டிக் காட்டி அவர் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

சரி, யார் கைக்கு? ரொக்கக் குத்தகை என்றால் செக் குத்தகைதாரர் பெயரில் வரும், வாரம் (விளைச்சலைப் பங்கு பிரிக்கும் குத்தகை) என்றால் நில உரிமையாளர், குத்தகைதாரர் இருவருக்கும் பிரியும். காகிதத்தில் அவ்வளவுதான். ஆனால் நில உரிமையாளருக்கும் ஆதார விலை என்னவென்று தெரியுமே! அடுத்த குத்தகைப் பேச்சில் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஏற்றிக் கேட்பார். பெரியவர் உழும் நிலத்தின் சொந்தக்காரர் ஃப்ளோரிடாவில் இருக்கிறார், டிராக்டரில் ஏறி இருபது வருஷம் ஆகியிருக்கும். (நம்மூர் பிஎம் கிசானில் 6,000 ரூபாய் நேராகவே பட்டாதாரருக்குப் போய்விடுகிறது, குத்தகைதாரருக்கு அந்தச் சுற்றுகூட இல்லை.)

உங்களுக்குத் தெரிந்த கவுண்டியைப் பார்க்க வேண்டுமென்றால், என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற தன்னார்வ அமைப்பு 1995 முதல் யாருக்கு எவ்வளவு என்று இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. ஓர் இரவு சும்மா எங்கள் கவுண்டியைத் தட்டினேன். முதல் பக்கத்திலேயே என் வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர். கணக்கு எழுதுகிற எனக்கு அது புதிதில்லை, ஆனால் ஊரே பார்க்கலாம் என்பது அன்றுதான் உறைத்தது.