பிக்கப் வண்டிக்கு இரும்பு பாடியா, அலுமினிய பாடியா?

உவரியில் மீன் ஏற்றுவோம், மற்ற நாளில் ஜல்லி அடிப்போம், எந்த பாடி நீடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஜல்லி உண்டென்றால் யோசிக்கவே வேண்டாம், இரும்புதான்.

அலுமினியத்தின் எடை இரும்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. 2015 மாடலிலிருந்து ஃபோர்டு எஃப்-150 என்ற அமெரிக்கப் பிக்கப் அலுமினியத்துக்கு மாறியதும் முக்கியமாக எடை குறைக்கத்தான். ஆனால் அதே தடிமனில் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் தகட்டைத் தடிமனாகப் போட வேண்டும். அப்படியும் கூரான கல் மேலிருந்து விழுந்தால் ஓட்டை விழலாம்; இரும்பு பெரும்பாலும் நெளிவதோடு சரி. நெளிந்ததைத் தட்டி நிமிர்த்த எந்த ஊர்ப் பட்டறையிலும் ஆள் உண்டு. அலுமினிய வெல்டிங்குக்கு ஆர்கான் வாயுவும் கை பழகிய ஆளும் வேண்டும்.

மீன் மட்டும் என்றால் கதை வேறு. ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர், தளமும் பக்கத் தகடும் சேரும் மடிப்பில் தங்கும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், அடியில் இரும்பு பொருக்குப் பொருக்காக உதிரும். அலுமினியம் துருப்பிடிக்காது. அப்புறம் ஒன்று: இரும்பு போல்ட் நேரடியாகத் தொட்டால், உப்பு ஈரத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். இடையில் ரப்பர் வாஷர் கட்டாயம் போடச் சொல்லுங்கள்.

உங்களுக்கு இரும்பே போதும். மடிப்புகளை சீலன்ட் வைத்து அடைத்து, மீன் இறக்கியதும் நல்ல தண்ணீரில் கழுவி விடுங்கள்.